ஒரு பெயரும் பல கைகளும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, பாஸ்டன் நகருக்கு அருகே வசிக்கும் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்தில் ஓர் இயந்திரத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ ஐந்தடி உயரம். துளையிட்ட உலோக வட்டுகள், கம்பி வலை, கண்ணாடி, தண்டுகள், இவற்றையெல்லாம் தாங்கிச் சுழலும் ஒரு பீடம். நான் சென்ற வேளையில் அது இயங்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இயல்பாக எழும் கேள்வியே எனக்கும் எழுந்தது: இந்த இயந்திரம் எதை உற்பத்தி செய்கிறது?

நிழலை என்பதுதான் விடை. விளக்குகளின் ஒளி அதன்மீது விழ, அது சுழலச் சுழல, அறையின் சுவர்களிலும் கூரையிலும் நிழல்கள் நகரும். அதைத் தவிர அதற்கு வேறு பயன் ஏதும் இல்லை.

1930-ஆம் ஆண்டில் உருவான அந்த இயந்திரத்தின் படைப்பாளியாக உலகம் அறிந்திருப்பவர் லாஸ்லோ மொஹோலி நாகி. ஓவியர், சிற்பி, புகைப்படக் கலைஞர், திரைப்பட இயக்குநர், அரங்க அமைப்பாளர், நூல் வடிவமைப்பாளர், ஆசிரியர், எழுத்தாளர் என அவருக்குப் பல முகங்கள். பல்லூடகக் கலைஞர் என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே அப்படி வாழ்ந்தவர். ஹங்கேரியில் பிறந்து, வியன்னா, பெர்லின், ஆம்ஸ்டர்டாம், லண்டன் எனக் குடிபெயர்ந்து, 1946-இல் தமது ஐம்பத்தோராம் வயதில் சிகாகோவில் மறைந்தவர். நம் நாட்டில் கட்டடக் கலையும் வடிவமைப்பும் பயில்வோரைத் தவிர மற்றவர்கள் அதிகம் கேட்டிராத பெயர். நானும் அதுவரை கேட்டதில்லை. ஊர் திரும்பிய பிறகு கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். கலையில் எனக்குப் பயிற்சி இல்லை. என்னை இழுத்தது வேறொன்று. உழைப்பு யாருடையது, பெயர் யாருடையது என்று வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் எழுப்பிய கேள்வி, அவருடைய வாழ்க்கை முழுவதிலும் ஊடுபாவாக ஓடுகிறது.

அவருடைய பெயரே அவருடையதல்ல என்பதிலிருந்து தொடங்கலாம். 1895-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், தெற்கு ஹங்கேரியின் பாச்போர்ஷோத் என்ற சிற்றூரில், வைஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனார். தாயையும் பிள்ளைகளையும் ஆதரித்தவர் தாய்மாமன்; நாகி என்ற பெயர் கொண்ட வழக்குரைஞர். நாகி என்பது அந்த மாமனிடமிருந்து வந்தது. மொஹோலி என்பது வளர்ந்த ஊரான மொஹோலிலிருந்து வந்தது. அவ்வூர் இன்று செர்பியாவில் இருக்கிறது. தாய்மாமன் வீட்டில் வளர்வது என்றால் என்னவென்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாமன் வழியைப் பின்பற்றி புடாபெஸ்டில் சட்டம் பயிலத் தொடங்கினார். முதல் உலகப் போர் வந்தது. ஆஸ்திரிய - ஹங்கேரியப் படையின் பீரங்கிப் பிரிவில் சேர்க்கப்பட்டார். படைவீரர்கள் வீட்டுக்கு எழுதுவதற்காக அளிக்கப்பட்ட அஞ்சலட்டைகளில் நூற்றுக்கணக்கான சித்திரங்களை வரைந்தார். 1917-இல் காயமடைந்தார். போர் முடிந்தபோது சட்டப் படிப்பைக் கைவிட்டிருந்தார். 1919-இல் ஹங்கேரியின் குறுகிய காலப் புரட்சி அரசு வீழ்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வியன்னா சென்றவர், 1920-இன் தொடக்கத்தில் பெர்லினை அடைந்தார். கையில் பணம் இல்லை. ஜெர்மன் மொழியில் சரளமாக எழுதவும் இயலாது.

அங்கேதான் லூசியா ஷுல்ட்ஸ் வருகிறார். பிராகு நகரில் பிறந்தவர், தத்துவமும் கலை வரலாறும் பயின்றவர், பதிப்பகங்களில் பிரதி திருத்துபவராகப் பணியாற்றியவர். இருவரும் 1921 ஜனவரியில் மணந்துகொண்டனர். தொடக்க ஆண்டுகளில் அக்குடும்பத்தின் நிலையான வருவாய் லூசியாவின் ஊதியமே. அவருடைய பங்கு அதோடு நிற்கவும் இல்லை. மொஹோலியின் கட்டுரைகள் செம்மையான ஜெர்மன் நடையில் வெளிவந்ததற்குக் காரணம் அவரே. 1922-இல் ஓர் இதழில் வந்த 'உற்பத்தி - மறுஉற்பத்தி' என்ற கட்டுரை இன்றும் கலை வரலாற்று வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. இசைத்தட்டும் புகைப்படமும் இருப்பதை நகலெடுக்கும் கருவிகளாக மட்டுமே பயன்படுகின்றன, அவற்றைப் புதியன படைக்கும் கருவிகளாக மாற்ற வேண்டும் என்பது அதன் வாதம். அந்தச் சிந்தனை இருவருக்கும் பொதுவானது என்று பிற்காலத்தில் லூசியா பதிவு செய்தார். கட்டுரையின் கீழ் இருந்ததோ ஒரு பெயர்தான்.

அதே ஆண்டில் இருவரும் சேர்ந்து மற்றொரு முயற்சியில் இறங்கினர். கேமரா இல்லாமலேயே ஒளியுணர் தாளின்மீது பூ, இலை, கம்பி, கைவிரல் என எதையேனும் வைத்து ஒளியைப் பாய்ச்சினால், பொருள் மறைத்த இடம் வெண்மையாகவும் ஒளி பட்ட இடம் கருமையாகவும் பதியும். ஃபோட்டோகிராம் என்று அதற்குப் பெயர். பாரிஸில் மான் ரே என்பவரும் அதே காலத்தில் அதைச் செய்துகொண்டிருந்தார். எனவே கண்டுபிடிப்பு என்று இதைக் கூறுவது மிகையாகும். ஆனால், புகைப்படக் கலையின் மூலப்பொருள் கேமரா அல்ல, ஒளியே என்ற முடிவுக்கு மொஹோலி வந்தது அந்த இருட்டறையில்தான். வாழ்நாள் இறுதி வரை அவர் அதிலிருந்து மாறவில்லை.

1923-இல் வால்டர் குரோப்பியஸ் அவரை வைமர் நகரில் இருந்த பௌஹவுஸ் பள்ளிக்கு ஆசிரியராக அழைத்தார். கலையையும் கைத்தொழிலையும் ஒரே கூரையின்கீழ் கற்பிப்பதற்காக 1919-இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. (1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த ஒரு கண்காட்சியில் பௌஹவுஸ் ஓவியர்களான கிளே, காண்டின்ஸ்கி ஆகியோரின் படைப்புகள் இடம்பெற்றன. மொஹோலி அப்போது பௌஹவுஸில் இல்லை.) ஜெர்மனியின் வரலாறு காணாத பணவீக்கம் உச்சத்தைத் தொட்ட ஆண்டும் அதுவே. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலரின் மதிப்பு ஏறத்தாழ 4.2 லட்சம் கோடி மார்க். அந்த மாநில வங்கிக்கான அவசரகாலப் பணத்தாள்களை வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேயர் என்ற பௌஹவுஸ் மாணவர். பணவீக்கம் பற்றிப் பாடம் நடத்திய ஆண்டுகளில் இச்செய்தி தெரிந்திருந்தால் என் வகுப்பில் இன்னும் சிலர் விழித்திருந்திருப்பார்கள்.

அந்த ஆண்டுதான் மொஹோலியின் புகழ்பெற்ற எனாமல் படங்களும் உருவாயின. ஒரே வடிவம், மூன்று அளவுகள். ஒவ்வொன்றும் நீள அகலத்தில் முந்தையதில் ஏறத்தாழப் பாதி. வெண்ணிறப் பின்னணியில் சில கோடுகள், பட்டைகள். பெயர்ப்பலகை செய்யும் ஒரு தொழிற்சாலையில் செய்விக்கப்பட்டவை. தூரிகையை அவர் தொடவே இல்லை. பிற்காலத்தில் தம்மைப் பற்றி எழுதியபோது, தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் தொலைபேசியிலேயே கட்டங்களையும் வண்ண எண்களையும் சொல்லிச் செய்யவைத்ததாக அவர் குறிப்பிட்டார். ஓவியனின் கை பட்டால்தான் ஓவியமா என்ற கேள்வியை அந்த மூன்று தகடுகளும் எழுப்பின. தொலைபேசிப் படங்கள் என்றே அவை அழைக்கப்படலாயின.

பௌஹவுஸில் அவருக்கு இரண்டு பொறுப்புகள். முதலாண்டு மாணவர்களுக்கான அடிப்படைப் பயிற்சியை யோசப் ஆல்பர்ஸுடன் சேர்ந்து நடத்தினார். தாள், மரம், தகடு, கம்பி ஆகியவற்றைக் கையால் தொட்டு, மடக்கி, சமன்செய்து, அவற்றின் இயல்பை அறியும் பயிற்சி. இன்று சென்னையில் கட்டடக் கலை பயிலும் முதலாண்டு மாணவர் அட்டையை வெட்டி மடித்துக்கொண்டிருந்தால், அப்பயிற்சியின் வேர் அங்கே இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டாவது, உலோகப் பட்டறை. வெள்ளிக் குடுவைகள் செய்துகொண்டிருந்த அப்பட்டறையைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத்தக்க விளக்குகளின் பக்கம் திருப்பினார். பெண்களை நெசவுப் பிரிவுக்கே அனுப்பும் வழக்கம் பௌஹவுஸிலும் இருந்தது. அதை மீறி மரியான் பிராண்ட் என்ற மாணவியை அவர் உலோகப் பட்டறையில் சேர்த்தார். தொடக்கத்தில் சலிப்பூட்டும் எடுபிடி வேலைகளே பிராண்டுக்குத் தரப்பட்டன. 1928-இல் மொஹோலி விலகியபோது பட்டறையின் பொறுப்பை ஏற்றவர் அவரே.

பதினான்கு தொகுதிகளாக வந்த பௌஹவுஸ் நூல் வரிசைக்கு குரோப்பியஸும் மொஹோலியும் பதிப்பாசிரியர்கள். அதில் எட்டாவதாக, 1925-இல் வந்த 'ஓவியம், புகைப்படம், திரைப்படம்' மொஹோலியுடையது. எழுதத் தெரியாதவரைப் போலவே கேமராவைக் கையாளத் தெரியாதவரும் எதிர்காலத்தில் எழுத்தறிவற்றவராகக் கருதப்படுவார் என்பது அவர் அக்காலத்தில் கொண்டிருந்த உறுதியான கருத்து. அந்த வரிசையின் கைப்பிரதிகளைத் திருத்திச் செப்பனிட்டதில் லூசியாவின் உழைப்பு பெரிது. 1925-இல் பள்ளி டெஸ்ஸாவ் நகருக்குப் பெயர்ந்தபோது, அங்கே எழுந்த கட்டடங்களையும் பட்டறைப் பொருள்களையும் பெரிய கேமராவில், கண்ணாடி நெகட்டிவ்களில், நேர்த்தியாகப் படமெடுத்தவரும் லூசியாவே. பௌஹவுஸ் என்றதும் உலகின் மனக்கண்ணில் தோன்றும் காட்சிகள் பெரும்பாலும் அவர் எடுத்தவை. அதற்கென்று அவருக்குப் பதவியும் இல்லை, ஊதியமும் இல்லை. ஆசிரியரின் மனைவி என்பதே அவருடைய தகுதி.

பிகூ என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் காட்டிய ஒரு விநோதத்தை எல்லாப் பொருளியல் ஆசிரியர்களும் வகுப்பில் சொல்வதுண்டு. தன் வீட்டுப் பணிப்பெண்ணை ஒருவர் மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான், ஊதியம் நின்றுவிடுவதால் கணக்கில் வராது. மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். வேளாண் கூலி பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சேகரித்த ஏறத்தாழ நானூறு வினாப்பட்டியல்களை, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இரவுகளில் கால்குலேட்டரில் கூட்டிச் சரிபார்த்தவர் என் மனைவி. இரண்டு அட்டவணைகளில் இருந்த பிழையை நெறியாளருக்கு முன்பே கண்டுபிடித்தவரும் அவரே. லூசியாவைப் பற்றிப் படித்த பிறகு ஆய்வேட்டை எடுத்து நன்றியுரையைப் பார்த்தேன். நூலகர், தட்டச்சர் உட்பட பதினொருவர் பெயர் சொல்லி நன்றி கூறப்பட்டிருந்தனர். கடைசி வரியில், பொறுமையுடன் ஒத்துழைத்த என் மனைவிக்கும் என்று இருந்தது. பெயர் இல்லை. கூலி கொடுக்கப்படாத குடும்ப உழைப்பு என்ற தலைப்பில் அந்த ஆய்வேட்டில் ஓர் இயலே உண்டு.

எனவே மொஹோலியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தகுதி எனக்கில்லை. அவர் எதையும் திருடியவர் அல்லர். கூட்டு உழைப்பை மனதார நம்பியவர். கலைஞன் தனித்த மேதை என்ற எண்ணத்தை எள்ளியவர். அந்த நிழல் இயந்திரத்துக்கே வரைபடங்கள் தயாரித்தவர் இஸ்த்வான் செபேக் என்ற ஹங்கேரியக் கட்டடக் கலைஞர். உலோகத்தில் செய்து முடித்தவர் ஓட்டோ பால் என்ற தொழில் வல்லுநர். செலவை ஏற்றது ஏ.இ.ஜி. என்ற மின்சாதன நிறுவனம். கலை வரலாற்றில் தங்கியது ஒரே பெயர். தனிமனித முத்திரை வேண்டாம் என்று வாதிட்டவரின் பெயரே முத்திரையாகிப்போனது.

1929-இல் லூசியாவும் மொஹோலியும் பிரிந்தனர். பெர்லினில் நாடக, இசைநாடக அரங்குகளை வடிவமைத்தும், படங்கள் எடுத்தும், விளம்பரங்கள் செய்தும் மொஹோலி பிழைத்தார். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர், பௌஹவுஸ் மூடப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், லூசியாவின் துணைவராக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் தியோடர் நொய்பாவர் லூசியாவின் இல்லத்திலேயே கைது செய்யப்பட்டார். லூசியா உடனே ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களை எப்படிச் சுமந்து செல்வது? அவற்றை மொஹோலியிடம் விட்டுச் சென்றார். 1934-இல் மொஹோலியும் புறப்பட வேண்டியதாயிற்று. நெகட்டிவ்கள் குரோப்பியஸிடம் போயின.

ஆம்ஸ்டர்டாமில் சில காலம், 1935 முதல் லண்டனில் இரண்டாண்டு. உடன் இரண்டாம் மனைவி சிபில். டிரெஸ்டனில் பிறந்து நாடகத்திலும் திரைக்கதைத் துறையிலும் பணியாற்றியவர். லண்டனில் மொஹோலி ஆயத்த ஆடைக் கடையின் காட்சிச் சாளரங்களை அலங்கரித்தார், சுவரொட்டிகள் வரைந்தார், சந்தைத் தெருக்களைப் பற்றிய நூலுக்குப் புகைப்படம் எடுத்தார், நண்டு வகை உயிரிகளைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். ஒரு பெரிய அறிவியல் புனைவுப் படத்துக்கு அவர் செய்த ஒளிக்காட்சிகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. குடியேறியவன் வரும் வேலையைச் செய்கிறான். பல்லூடகம் என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வதன் ஒரு பாதி, வயிற்றுப்பாடு.

1937-இல் சிகாகோவிலிருந்து அழைப்பு வந்தது. அந்நகரத் தொழிலதிபர்கள் சிலரின் கலை - தொழில் சங்கம் ஒரு வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்க விரும்பியது. ஹார்வர்டில் பணியேற்றிருந்த குரோப்பியஸ், மொஹோலியைப் பரிந்துரைத்தார். அக்டோபரில், ஒரு செல்வந்தரின் பழைய மாளிகையில், முப்பத்தைந்து மாணவர்களுடன் 'புதிய பௌஹவுஸ்' திறக்கப்பட்டது. ஓராண்டு முடிவதற்குள் சங்கத்திடம் பணம் தீர்ந்தது. 1938-இல் பள்ளி மூடப்பட்டது. அந்நிய மண்ணில், குழந்தைகளுடன், வேலையில்லாமல் நின்றார்.

அவர் அதன்பின் செய்ததை நான் வியப்புடனேயே படித்தேன். 1939 பிப்ரவரியில் தம் சொந்தப் பணத்தையும் போட்டு, முன்பு அடுமனை இருந்த ஒரு கட்டடத்தில் மீண்டும் பள்ளியைத் திறந்தார். உடனிருந்த ஆசிரியர்கள் தொடக்கத்தில் சம்பளமின்றிக் கற்பிக்க ஒப்புக்கொண்டனர். அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய வால்டர் பேப்கி என்ற தொழிலதிபர் பணமும், கோடைப் பள்ளி நடத்தத் தம் பண்ணையையும் தந்தார். அப்பண்ணையில் மாணவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொண்ட சுமையில் பெரும்பங்கு சிபிலுடையது. போர் வந்து உலோகத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மெத்தைகளுக்கான சுருள்வில்லை மரத்திலேயே செய்து பார்த்தனர் மாணவர்கள். எதிரி விமானங்களின் கண்ணுக்குத் தப்பும் உருமறைப்புக் கலைக்கு வகுப்பு நடந்தது. ஜியோர்ஜி கெபெஷ் என்ற சக ஹங்கேரியர் அதை முன்னின்று நடத்தினார். ஊனமுற்றுத் திரும்பும் படைவீரர்களுக்குக் கைத்தொழில் வழி மறுவாழ்வு அளிக்கும் பயிற்சியும் தொடங்கியது. பள்ளியின் கடனை அடைக்க மொஹோலி நிறுவனங்களுக்கு ஆலோசகராகப் பணியாற்றினார். பார்க்கர் பேனா நிறுவனம் அவற்றுள் ஒன்று. இதற்கிடையில் ஓவியமும் வரைந்தார், அக்ரிலிக் தகடுகளை வளைத்துச் சிற்பமும் செய்தார்.

லூசியாவை அவர் மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் வசித்த லூசியா, 1939-இல் புகைப்படக் கலையின் நூறாண்டு வரலாற்றை எழுதி வெளியிட்டிருந்தார். போர்க்காலத்தில் அவருக்குச் சிகாகோ பள்ளியில் ஆசிரியர் பணி தர மொஹோலி முன்வந்தார். அமெரிக்கா விசா மறுத்துவிட்டது.

1944-இல் பள்ளி வடிவமைப்புக் கழகமாக உயர்ந்தது. போர் முடிந்து, திரும்பிய வீரர்களுக்கு அரசு கல்விச் செலவை ஏற்றதால் மாணவர் எண்ணிக்கை பெருகியது. பணக் கவலை தீரும் நேரத்தில், 1945-இன் பிற்பகுதியில், அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்நோயின் பெயரில் வரும் முதல் அசையான 'லூக்' என்பதையே தலைப்பாக வைத்து ஓவியங்கள் வரைந்தார். தம் கற்பித்தல் அனுபவம் முழுவதையும் 'இயக்கத்தில் பார்வை' என்ற பெருநூலாக எழுதி முடித்தார். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததும் அந்தக் கடைசி ஆண்டில்தான். 1946 நவம்பர் 24 அன்று இறந்தார். நூல் மறு ஆண்டு வெளிவந்தது. 1949-இல் அவருடைய பள்ளி இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்துடன் இணைந்தது, இன்றும் இயங்குகிறது.

பின்கதை இரு பெண்களுடையது. சிபில் 1950-இல் கணவரின் வரலாற்றை எழுதினார். நியூயார்க்கில் கட்டடக் கலை வரலாற்றுப் பேராசிரியரானார். 1957-இல் அவர் வெளியிட்ட நூல், அமெரிக்காவில் குடியேறிய சாதாரண மக்கள் கட்டிய வீடுகள், களஞ்சியங்கள் பற்றியது. கட்டியவர் பெயர் தெரியாத கட்டடங்களைத்தான் அவர் ஊர் ஊராகச் சென்று தேடினார்.

லூசியாவோ தம் நெகட்டிவ்கள் குண்டுவீச்சில் அழிந்திருக்கும் என்று எண்ணியிருந்தார். ஆனால், அவர் எடுத்த படங்கள் அமெரிக்க நூல்களிலும் 1938-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய பௌஹவுஸ் கண்காட்சியிலும் அவர் பெயரின்றி வந்துகொண்டிருந்தன. பௌஹவுஸின் புகழுக்கே அடித்தளமாக இருந்த அந்தப் படங்களின் நெகட்டிவ்கள் குரோப்பியஸிடம் பத்திரமாக இருந்தன. வழக்குரைஞர் மூலம் நெடுநாள் போராடி, அதே 1957-இல் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார். எஞ்சியவற்றில் பல கிடைக்கவே இல்லை.

1972-இல் லூசியா ஒரு சிறு நூலை வெளியிட்டார். மொஹோலி பற்றிய ஓரக்குறிப்புகள் என்று தலைப்பு. கசப்பு தெரியாத, ஆவணத்தைச் சரிசெய்யும் நடை. அதில் அந்த எனாமல் படங்களைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. மொஹோலி தொலைபேசியில் சொல்லவில்லை, நேரில் போய்த்தான் செய்யக் கொடுத்தார், படங்கள் வந்து சேர்ந்த மகிழ்ச்சியில், இதைத் தொலைபேசியிலேயே சொல்லிச் செய்திருக்கலாம் போலிருக்கிறதே என்று வியந்தார், அவ்வளவுதான் நடந்தது என்கிறார் லூசியா. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சிறு செய்தியை உடனிருந்து பார்த்து நினைவில் வைத்திருந்தவர் அவர் ஒருவரே.